நான்கு மணிக்கு நிற்கும் மடிக்கணினி

திங்கட்கிழமை காலை மணி ஒன்பது இருபது. கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி செருப்பு. கதவை முழுதாகத் தூக்கியதும் செருப்புக்கு உரியவர் தெரிந்தார்: நாற்பது வயதிருக்கும் பெண்மணி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்திருந்தார், சார்ஜர் வயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தார். பை எடுக்க மறந்துவிட்டதாம். பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் கடையிலிருந்து நான்கு சந்து தள்ளி வீடு. அந்தக் கோலத்திலேயே நடந்து வந்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். மதர்போர்டைக் கழற்றுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், என்னைவிட நல்ல கண்ணும் உங்களுக்கு இருக்கிறது. கடையை மூடுவதற்கு முந்தைய ஆண்டு இந்தப் பெண்மணியின் கணினியோடு நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். அதில் தவறு என்னுடையது. தப்பித்தது அவருடைய வேலை.

பெயர் சுகுணா. வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் சேவை. முகம் பார்த்துப் பேசும் அழைப்புகள், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. கணினி ஆறு வயதானது. திரையின் மூலையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் பேட்டரி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. மறுபடி பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது, அதே நாற்பதைக் காட்டுகிறது, சிறிது நேரத்தில் மறுபடி நிற்கிறது.

நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று மாதத்துக்குள் மூன்று முறை பேச்சின் நடுவே தொடர்பு அறுந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி போய்விடும். பாயான் லெப்பாஸ் அலுவலகத்துக்குத் தினமும் போகவேண்டும். சுகுணாவுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் இருப்பவர் மாமனார் மட்டும். எண்பத்திரண்டு வயது, இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை அவரைத் தனியே விட முடியாது.

“அண்ணே, இன்னும் ஒரு தடவ நின்னுச்சுன்னா முடிஞ்சுது,” என்றார்.

பேட்டரியைச் சோதித்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுச் சும்மா திறந்து வைத்தால் ஐம்பது நிமிடம் ஓடியது. காணொளி அழைப்பு ஒன்றைத் தொடக்கினால் ஆறாவது நிமிடத்தில் நின்றது. அப்போதும் நாற்பத்து மூன்று விழுக்காடு என்றது. கிழட்டு பேட்டரிகள் இப்படித்தான். இருப்பைக் காட்டும், சுமை ஏறினால் தாங்காது. சார்ஜரோடு இணைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. அந்த மாடலுக்குப் பேட்டரி கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும். சொல்லி வைத்தேன். அதுவரை சார்ஜரை எந்நேரமும் போட்டே வைத்திருங்கள் என்றேன்.

“எப்பவும் போட்டுத்தான் அண்ணே வச்சிருக்கேன். நின்னப்பவும் போட்டுத்தான் இருந்துச்சு.”

சரி சரி என்று தலையாட்டினேன். இதுதான் தவறு. என் கையில் வயதான பேட்டரி ஒன்று இருந்தது; அது வயதானது என்று நிரூபித்தும் விட்டேன்; அதன் பிறகு காதை மூடிக்கொண்டேன். வாடிக்கையாளர் “எப்பவும்” என்று சொன்னால் அதில் கால்வாசியைக் கழித்துக்கொள்வது என் பழக்கம். தண்ணீர் படவே இல்லை என்று சொல்வார்கள், திறந்தால் கோப்பி மணக்கும். ஆகவே கழித்தேன். சார்ஜர் உண்மையிலேயே இணைந்திருந்தால் பேட்டரி கிழடானாலும் கணினி நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொன்னது உண்மையானால் என் முடிவு பொய். நான் என் முடிவை வைத்துக்கொண்டு அவர் சொன்னதைத் தள்ளினேன்.

வியாழன் மாலை கணினி மறுபடி நின்றது. நல்ல காலம், அப்போது அவர் அழைப்பில் இல்லை, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்தார், இந்த முறை பையோடு. நான் சார்ஜரை மாற்றிக் கொடுத்தேன். பழைய சார்ஜரில் குறை எதுவும் இல்லை. எதையாவது மாற்றாமல் அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. போட்டுத்தானே வைத்திருந்தீர்கள் என்று வேறு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய் மறுபடி நின்றது. அன்றும் இரண்டு அழைப்புகளுக்கு இடையில்தான். இரவு சாப்பாட்டுக்கு முன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சிரித்தார். இனி நீங்கள் மாற்றுவதற்கு மீதி இருப்பது நான்தான் என்றார்.

கடை வைப்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் வட்டாரச் செய்தி எழுதியவன் நான். அங்கிருந்த செய்தி ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். சாலை விபத்து ஒன்றைப் பற்றி நான் எழுதிய முதல் செய்தியை வாங்கிப் படித்துவிட்டு, “மணிய மொதல்ல எழுது. காரணத்தக் கடைசியா எழுது. நீ தலைகீழா எழுதியிருக்க,” என்று திருப்பிக் கொடுத்தார். அன்று அது நடை பற்றிய பாடம் என்று நினைத்தேன். முப்பது ஆண்டு கழித்து, அந்தச் செவ்வாய் இரவு, சுகுணாவிடம் நான் இன்னும் மணி கேட்கவே இல்லை என்பது உறைத்தது. காரணத்தை எழுதிவிட்டுப் பேட்டரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

புதன் காலை கேட்டேன். அவருடைய அலுவலகப் பதிவில் எல்லாம் இருந்தது. நான்கு நிறுத்தங்கள்: ஒரு புதன், நான்கு பத்து, ஒரு வெள்ளி, மூன்று ஐம்பது, ஒரு வியாழன், நான்கு இருபத்தைந்து, ஒரு செவ்வாய், நான்கு ஐந்து. கிழமைக்குக் கிழமை வேறு. நேரம் மட்டும் ஒரே இடத்தில் குந்தியிருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை உழைக்கும் கணினி, நான்கு மணிக்கு மட்டும் ஏன் சாகவேண்டும்?

வெயில் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிட் மெர்தாஜம் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் கணினி திங்கட்கிழமைகளில் மட்டும் நிற்கிறது என்று சொன்னார். கிழமை பார்த்து நிற்க அது என்ன விரதமா இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். திங்கட்கிழமை காலையில் மாணவர்களை வரிசையில் நிறுத்தும் சபைகூடல். அது முடியும்வரை கணினி அவருடைய காருக்குள் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ஆக, இந்த வீட்டிலும் மாலை வெயில் மேசைமேல் விழுகிறதோ என்று ஊகித்தேன். ஒருமுறை சரியாக வந்த விடையை அடுத்த கேள்விக்கும் எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

வியாழக்கிழமை பிற்பகல் மணி மூன்று பத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று நான்கு மணிக்கு அவருக்கு ஒரு நீண்ட அழைப்பு. மேலதிகாரியும் உடன் இருந்து கேட்பார். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று அவரே கூப்பிட்டிருந்தார்.

பழைய வரிசை வீடு. கூடத்தில் பெரியவர் நாளிதழ் விரித்து உட்கார்ந்திருந்தார். பூர்வீகம் யாழ்ப்பாணம். அரசாங்க அலுவலகங்களில் நாற்பது ஆண்டு கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை. நிபோங் திபாலில் நெடுநாள் இருந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. நாற்காலி ஓரத்தில் கைத்தடி.

“கொம்பியூட்டர் வைத்தியரோ?” என்றார். ஆமாம் என்றேன். “ஆள் பிழைக்குமோ?” என்றார். முயற்சி செய்கிறேன் என்றேன். இடது காதைக் கையால் மடித்து மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அதற்குள் அவர் நாளிதழுக்குத் திரும்பிவிட்டார்.

சுகுணா தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கொண்டுவந்து வைத்தார். “மாமாவுக்கு நாம பேசுறது கேக்காது அண்ணே. இடி மட்டும் கடலுக்கு அந்தாண்ட பட்டர்வொர்த்துல இடிச்சாலும் கேக்கும் லா,” என்றார். நான் சிரித்தேன். இன்னும் நிருபராக இருந்திருந்தால் அதைக் குறித்துவைத்திருப்பேன்.

அறையைப் பார்த்தேன். மேசைமேல் வெயில் இல்லை. ஜன்னல் கிழக்கே பார்த்தது. அறையில் சுவர் ப்ளக் ஒன்றே ஒன்று, அதில் இணைய மோடம். கணினியின் சார்ஜர் ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில் இருந்தது. அந்த வயர் திரைச்சீலைக்கு அடியில் தவழ்ந்து கூடத்துக்குப் போனது. பின்தொடர்ந்து போனேன். கூடத்து மூலையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு ப்ளக், பக்கத்தில் சுவிட்ச். இணைப்பு இறுக்கமாக இருந்தது. வயரில் அறுப்பு இல்லை. சுவிட்சைச் சுற்றி வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமான தடங்கள், தபால் முத்திரை அளவில். எண்ணினேன். பதினான்கு. என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் எண்ணிவைத்தேன்.

நான்கு மணிக்கு அழைப்பு தொடங்கியது. சுகுணா திரைச்சீலையை இழுத்துவிட்டார். அந்த அறைக்குக் கதவு இல்லை. கூடத்தில் தும்மினால் அழைப்பில் கேட்கும்.

நான்கு பன்னிரண்டுக்குத் தண்ணீர்மலைப் பக்கம் முதல் இடி உருண்டது. நான் பினாங்கிலேயே பிறந்தவன். அந்தப் பருவத்தில் மாலை நான்கு மணிக்கு மழை கட்டிக்கொண்டு வருவது எனக்குச் செய்தியே இல்லை. அதனால்தான் அது என் பட்டியலில் வரவில்லை.

பெரியவர் நாளிதழை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்தார். கைத்தடியை எடுத்தார். எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சுவிட்சை விரலால் அணைத்தார். பிறகு மூலைக்கு நடந்தார். இடுப்பு வளையாது அல்லவா, அதனால் கைத்தடியைச் சாய்வாக நீட்டி, நுனியிலிருந்த சாம்பல் நிற ரப்பரால் சுவிட்சைக் குறிபார்த்தார்.

பதினான்கு தடங்களுக்கும் விளக்கம் கிடைத்தது: எல்லாம் குறி தவறிய குத்துகள். எனக்கிருந்த நேரம் இரண்டு வினாடி.

சுவிட்ச் அணைந்தால் கிழட்டு பேட்டரி ஆறு நிமிடம் தாங்கும். அழைப்பு இன்னும் அரை மணி நேரம் ஓடும். வேறு ப்ளக்குக்கு மாற்றலாம்; கூடத்தில் உள்ள எல்லாவற்றையும் இவர் அணைப்பார். அறைக்குள் இருக்கும் ஒரே ப்ளக்கில் மாற்றினால் மோடம் சாகும். சத்தமாகச் சொன்னால் மேலதிகாரிக்குக் கேட்கும். மெதுவாகச் சொன்னால் பெரியவருக்குக் கேட்காது.

காலைத் தூக்கிச் சுவிட்சின்மேல் வைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியிருந்ததால் வெறுங்கால். இது மின்சாரப் பாதுகாப்பு முறை எதிலும் இல்லாதது, நீங்கள் செய்யாதீர்கள்.

பெரியவர் என் பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைத்தடியால் என் பெருவிரலை இரண்டு முறை தட்டினார், கதவைத் தட்டுவதுபோல.

“தம்பி, காலை எடும்,” என்றார் தணிந்த குரலில். மருமகள் வேலையில் இருக்கிறாள் என்ற மரியாதை அவருக்கும் இருந்தது.

ஒற்றைக் காலில் நின்றபடி கையைக் காட்டினேன், வாயசைத்தேன், அறைப் பக்கம் சாடை செய்தேன். எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்திருப்பார். இன்னொரு முறை தட்டினார், இந்தத் தடவை கணுக்காலில். அவர் கக்கத்திலிருந்த நாளிதழை உருவி, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, விளம்பரப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: “இதை அணைத்தால் சுகுணாவின் கம்ப்யூட்டர் நின்றுவிடும். இன்னொரு முறை நின்றால் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது.”

மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு தம் இன்னொரு பேனாவை எடுத்து அதன் கீழே, அலுவலகக் கோப்பில் எழுதுவதுபோல எழுதினார்: “எத்தனை முறை நின்றது?”

“நான்கு.”

“எந்தெந்த நாள்? எத்தனை மணிக்கு?”

நான்கு கிழமைகளையும் நான்கு நேரங்களையும் எழுதினேன். ஒன்பது நாள் என் மூளைக்கு வராத கேள்வியை அந்த மனிதர் இரண்டாவது வரியிலேயே கேட்டுவிட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு ஒரே ஒரு சொல் எழுதினார்.

“நான்தான்.”

எழுதிவிட்டு, அதன் கீழே சுருக்கொப்பமிட்டுத் தேதியும் போட்டார்.

அதே நேரம் அடுத்த இடி விழுந்தது, இந்த முறை வீட்டுக்கு மேலேயே. ஜன்னல் சட்டங்கள் அதிர்ந்தன. பெரியவரின் கை தானாகவே கைத்தடியைச் சுவிட்சை நோக்கித் தூக்கியது, பாதியில் நின்றது. நிபோங் திபால் அலுவலகத்தில் ஒருமுறை மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து, பக்கத்து மேசைக்காரரை நாற்காலியோடு தூக்கி எறிந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இடி கேட்டால் அணைப்பார், ஓய்ந்தால் மறுபடி போட்டுவிடுவார். யாரிடமும் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. இவையெல்லாம் பிறகு சொன்னார். அப்போது செய்தது இவ்வளவுதான்: கைத்தடியை இறக்கினார், தம் நாற்காலியை மூலைக்கு இழுத்துவரச் சொல்லிச் சாடை காட்டினார், சுவிட்சுக்கு முன்னால் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். நான் காலை எடுத்தேன். ஒவ்வொரு இடிக்கும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை.

நான்கு நாற்பத்தொன்றுக்கு அழைப்பு முடிந்தது. சுகுணா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்தாலே நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தது. மாமனார் மூலையிலும் நான் தரையிலும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

என்ன சொல்வது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்: எக்ஸ்டென்ஷன் வயரில் ஒரு சிறு குறை, சரிசெய்துவிட்டேன். வீட்டில் யார் செய்தது என்று போட்டு உடைப்பது நம் வேலை அல்ல. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் நாளிதழை மருமகளிடம் நீட்டிவிட்டார்.

சுகுணா படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“மாமா, கையெழுத்து, தேதி எல்லாம் போட்டிருக்கீங்க.”

“ஓம்,” என்றார் பெரியவர். “பிறகு இல்லையெண்டு சொல்லேலாதுதானே.”

“நின்ன அன்னைக்கெல்லாம் நான் பொலம்புனது உங்களுக்குக் கேக்கலையா?”

“நீர் புலம்பினது கேட்டது. என்னத்துக்கு எண்டு கேக்கேல்லை.”

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கணினியின் பேட்டரி நல்ல நிலையில் இருந்த ஐந்து ஆண்டுகளும் பெரியவர் இடிக்கு இடி சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று மணி நேரம் தாங்கக்கூடிய பேட்டரி, மழை ஓயும்வரை சத்தமில்லாமல் சமாளித்துவிடும். யாருக்கும் தெரியவில்லை. அது கிழடாகி ஆறு நிமிடத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் திங்கட்கிழமையே புதுப் பேட்டரி என் கையில் இருந்திருந்தால் மாட்டிக் கொடுத்திருப்பேன், நிற்பதும் நின்றிருக்கும், என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இன்று உங்களுக்கு வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். கோலாலம்பூர்க்காரர்கள் தாமதித்தது நல்லதாகப் போயிற்று.

பெரியவரை இனிமேல் அணைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடியடித்த மறுநாள் காலையில் நம் கடைகளுக்கு வரும் கருகிய சார்ஜர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர் செய்வது சரி. நடுவில் ஒன்று குறைந்தது. மறுநாள் கடையிலிருந்து யு.பி.எஸ். ஒன்றைக் கொண்டுபோய் எக்ஸ்டென்ஷன் வயரின் அறைப்பக்க முனையில் வைத்தேன். சுவரில் மின்சாரம் போனால் அது அரை மணி நேரத்துக்குத் தாங்கும், பீப் பீப் என்று சத்தமும் போடும். அந்தச் சத்தம் பெரியவருக்குக் கேட்காது, மருமகளுக்குக் கேட்கும். புதுப் பேட்டரியும் பதினாறாம் நாள் வந்து சேர்ந்தது, அதையும் மாட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்ல வைத்திருப்பது கொஞ்சம்தான். வாடிக்கையாளர் சொல்வதில் எதையும் கழிக்காதீர்கள். அவர் சொன்னது உண்மையானால் வேறு எது பொய்யாக இருக்கவேண்டும் என்று பாருங்கள். என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேளுங்கள். சோதனை மேசையில் நன்றாக ஓடும் பொருள் வீட்டில் நின்றால், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்டிருந்தேன், மாமனார் என்று பதிலும் வந்தது, பரிதாபப்பட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

சுகுணாவுக்கு மூன்றாவது துண்டிப்பு நேரவில்லை. இப்போதும் அதே அறையில்தான் வேலை செய்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது தே ஓ குடிக்கக் கூப்பிட்டார்கள். கூடத்து மூலையைப் பார்த்தேன். சுவரில் தடங்கள் முப்பத்தொன்று.